இரண்டு பக்கமும் இரண்டு கை: பிடியை மாற்றுவதா, வேண்டாமா?

1992 பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் இறுதிப் போட்டியில் மோனிகா செலஸ், ஸ்டெஃபி கிராஃபை கடைசி செட்டில் 10-8 என்று வென்றார். அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், தன் மகளையும் செலஸ் மாதிரியே இரண்டு பக்கமும் இரண்டு கையால் ஆடப் பழக்கினார். அந்த மகள்தான் 2013 விம்பிள்டன் சாம்பியன் மரியோன் பார்த்தோலி.

இப்படி ஆட ஆசைப்படும் எவருக்கும் முதலில் வரும் சிக்கல், கைப்பிடியின் நுனியில் எந்தக் கை இருக்க வேண்டும் என்பது. கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வலக்கை பேட்ஸ்மேனின் இடது கை நுனியில் இருக்கும், வலது கை பலகைப் பக்கம். டென்னிஸில் வலப்பக்கம் வரும் பந்துக்கு இயல்பான பிடி அதேதான். இடப்பக்கம் வந்தால் இடக்கை பேட்ஸ்மேனின் பிடி. அதாவது பந்து பக்கம் மாறும்போதெல்லாம், 2008-ல் நியூசிலாந்துக்கு எதிராக கெவின் பீட்டர்சன் சிக்ஸர் அடித்தாரே, அந்த ஸ்விட்ச் ஹிட் போலக் கைகளை இடம் மாற்ற வேண்டும். வலது கையை நுனியிலேயே வைத்து மாற்றாமல் ஆடினால், வலப்பக்கம் கிரிக்கெட்டில் பிடி மாற்றாமலே எதிர்ப்பக்கம் அடிக்கும் ரிவர்ஸ் ஸ்வீப் கதைதான், முன்கைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். வலப்பக்கப் பந்துக்கு, தூரத்தில் இருக்கும் இடது தோளிலிருந்து வரும் கை வலது கையையும் தாண்டிப் போய்ப் பிடிக்க வேண்டியிருப்பதால், எட்டும் தூரம் குறைகிறது, மட்டையைப் பின்னால் கொண்டுபோகவும் இடமில்லை.

அப்போ மாற்றிவிடலாமே? நேரம் இருந்தால் சரி. மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர். சராசரியாக மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும், அது போதும். சர்வ் சராசரியாக 140 கி.மீ.யில் வந்தாலோ சுமார் 0.6 நொடிதான், அதில் 0.2 நொடி பந்தைப் பார்த்து உடல் அசையத் தொடங்குவதற்கே போய்விடும்.

அதனால் கை மாற்றத்தைத் தனி வேலையாகச் செய்யக் கூடாது, தோளைத் திருப்பும் அசைவுக்குள்ளேயே அது நடந்துவிட வேண்டும். வலது கையை நுனியில் வைத்துக் காத்திருப்பவர் வலப்பக்கம் திரும்பும்போது, இடது கை மட்டையைத் தாங்கி நிற்க, வலது கை நுனியை விட்டு மட்டையின் கழுத்துக்கு ஏறும், அது பற்றியதும் இடது கை நுனிக்குச் சறுக்கும், வலதும் இறங்கி அதை ஒட்டி அமரும். எந்த நேரத்திலும் ஒரு கையாவது மட்டையைப் பிடித்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதல் சில வாரங்கள் பந்தே இல்லாமல் இதை மட்டும் பழகலாம்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. பந்து எட்டாத தூரத்தில் போகும்போது ஒரு கையை விட்டுத்தான் நீட்ட முடியும். வலப்பக்கம் பிடியை மாற்றியவரிடம் மிஞ்சும் வலது கை நுனியில் இல்லை, ஓர் உள்ளங்கை அகலம் மேலே இருக்கிறது. அந்த எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் எட்டும் தூரத்திலும் குறையும், மட்டைத் தலையின் வேகத்திலும் குறையும், ஏனென்றால் ஒரே சுழற்சியில் கையிலிருந்து தலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகமாக அது நகரும். மாற்றாதவருக்கு இந்தத் தொல்லை கிடையாது, இடது கையை விட்டால் அவரிடம் இருப்பது சாதாரண ஒற்றைக்கை ஃபோர்ஹேண்ட்.

இருந்தாலும் நான் மாற்றும் பக்கம்தான். எட்டாத பந்துகளை விட எட்டும் பந்துகள்தான் ஆட்டத்தில் அதிகம்.