பழைய ஜப்பான் கிட்டார்: சீரியல் எண்ணை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள்

பழைய ஜப்பான் எலக்ட்ரிக் கிட்டாரை விற்பவர் முதலில் நீட்டுவது சீரியல் எண்ணைத்தான். வாங்குபவர் அதை இணையத்தில் தட்டிப் பார்த்து, வந்த ஆண்டை அப்படியே எடுத்துக்கொண்டு விலை பேசுகிறார். பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. விற்பவர் வேண்டுமென்றே பொய் சொல்வது குறைவு. அவருக்கும் தெரியாது என்பதே பெரும்பாலும் உண்மை.

ஐபனேஸ் என்ற ஜப்பான் நிறுவனத்தின் கிட்டார் ஒன்றின் பின்புறம் "எஃப் 785432" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1975ஆம் ஆண்டின் நடுவிலிருந்து அந்த நிறுவனம் பயன்படுத்திய முறையில் முதல் எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. அந்தக் கணக்கில் இது 1978 ஜூன். ஆனால் 1987இல் முறை மாறியது. அதன்பின் எஃப் என்ற எழுத்து ஃபூஜிஜென் தொழிற்சாலையைக் குறித்தது. ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கம்தான். அந்தக் கணக்கில் இதே எண் 1987. இரண்டு முறையிலும் ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும் வருவதால் எண்ணை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது. கிட்டாரைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பூட்டும் ட்ரெமோலோ (கம்பிகளின் சுருதியை அசைக்கும் கைப்பிடியுள்ள பிரிட்ஜ்), நட்டில் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் தங்கும் பட்டை) கம்பியை இறுக்கும் பூட்டு, தட்டையான மெல்லிய நெக் (கழுத்து), கூரான ஹெட்ஸ்டாக் (தலைப்பகுதி) எல்லாம் இருந்தால் அது ஆர்ஜி550 மாடல் வந்த 1987 காலத்துப் பொருள். நிலையான பிரிட்ஜும் உடலோடு ஒட்டிய நெக்கும் கொண்ட ஆர்ட்டிஸ்ட் வகையாக இருந்தால் 1978. எண்ணே இல்லாத ஐபனேஸைப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். 1975க்கு முந்தையவற்றில் சீரியல் எண் கிடையாது.

அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஜப்பான் கூட்டு நிறுவனமான ஃபெண்டர் ஜப்பானிலும் இதே பொறி உண்டு. 1982இல் ஃபெண்டரும் ஜப்பான் வணிக நிறுவனங்களான காண்டா ஷோகாய், யாமானோ கக்கி இரண்டும் சேர்ந்து அதைத் தொடங்கின. தொடக்கக் கால உற்பத்தி ஃபூஜிஜெனிடம். ஜேவி என்று தொடங்கும் எண்கள் 1982 முதல் 84 வரை, எஸ்க்யூ 1983 முதல் 84 வரை, ஈ என்று தொடங்கி ஆறு இலக்கம் வருபவை 1984 முதல் 87 வரை. அதே எண்பதுகளில் அமெரிக்கத் தொழிற்சாலையும் ஈ எழுத்தைப் பயன்படுத்தியது. 'என்' (N) என்ற எழுத்திலும் இதே குழப்பம்: அமெரிக்காவில் அது தொண்ணூறுகள் முழுவதற்கும், ஜப்பானில் தொண்ணூறுகளின் சில ஆண்டுகளுக்கு மட்டும். "மேட் இன் ஜப்பான்" என்ற வரி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எழுத்தை மட்டும் படித்தால் நாடே மாறிப்போகும். "கிராஃப்டட் இன் ஜப்பான்" என்று எழுதியிருந்தால் அது 1997 வாக்கில் தொடங்கிய பிற்காலத்தது; அதை ஜேவி விலைக்குக் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

டோக்காய் என்ற ஜப்பான் நிறுவனத்தில் எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்க எண்களுக்கு முதல் இலக்கமே ஆண்டின் கடைசி இலக்கம்: 8 என்றால் 1978, 1 என்றால் 1981. யமஹாவில் எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு எழுத்து வரும். முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். எச் என்றால் 1, அங்கிருந்து வரிசையாகப் போய் பி (P) என்றால் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு எக்ஸ், ஒய், இசட். பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்பி வரும் என்பதால் 1987ஐயும் 1997ஐயும் எண்ணால் பிரிக்க முடியாது. கிரெகோ என்ற இன்னொரு ஜப்பான் பிராண்டு எழுபதுகளின் நடுவில் ஐபனேஸைப் போலவே மாத எழுத்தும் இரண்டு இலக்க ஆண்டும் போட்டது. இரண்டுக்கும் ஃபூஜிஜென் கிட்டார் செய்து கொடுத்ததை நினைவில் வைத்தால் இது வியப்பாக இருக்காது.

எண் சொல்லாததை மரமும் இரும்பும் சொல்லும். அறுபதுகளில் டெய்ஸ்கோ என்ற ஜப்பான் நிறுவனம் செய்த வகைகளில் வரிசையாகத் தள்ளும் சுவிட்சுகள், கோடு போட்ட உலோகப் பிக்கார்டு (உடலின் மேல் பொருத்தும் பாதுகாப்புத் தகடு), கனமான நெக் இருக்கும். பலவற்றில் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் சரிசெய்ய முடியாதபடி வெறும் இரும்புக் கம்பியாக உள்ளே கிடக்கும். 1967இல் டெய்ஸ்கோவைக் கவாய் வாங்கியது. அமெரிக்க கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடலுக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த நகல்களில் நெக் நான்கு ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும். உடலின் மேல்பகுதி வளைத்த ஒட்டுப்பலகை, அதன் அடியில் வெற்றிடம். விரல் முட்டியால் தட்டினால் வித்தியாசம் கேட்கும். நெக் பிளேட்டில் "ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்" என்று பொறித்திருக்கும். இவற்றில் பல மட்சுமோட்டோ நகரத்து மட்சுமோகு தொழிற்சாலையில் செய்தவை. சிங்கர் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்த இடம் அது, 1987இல் மூடப்பட்டது. எழுபதுகளின் பிற்பாதியில்தான் ஒட்டிய நெக்கும், திடமான மேப்பிள் மேற்பகுதியும், நல்ல பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒன்றாக வரத் தொடங்கின. 1977 முதல் 1984 வரையிலான காலத்தைத்தான் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம்.

அதற்காக அறுபதுகளின் கிட்டார்களை மட்டமாக நினைக்க வேண்டாம். டெய்ஸ்கோவின் கோல்ட் ஃபாயில் பிக்கப் தரும் ஓசை வேறு எதிலும் கிடைக்காது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் கிட்டாரின் நெக் பக்கத்தில் அதைப் பொருத்தியபின் உலகமே தேடியது. அதனாலேயே இன்று பல டெய்ஸ்கோக்கள் பிக்கப் பிடுங்கப்பட்ட வெற்றுடலாக வருகின்றன. இருப்பது அசல் பிக்கப்தானா என்று பிக்கார்டின் அடியில் பாருங்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் தரத்தைக் கணிக்க எளிய வழி மாடல் எண். ஜப்பான் உள்நாட்டுச் சந்தையில் அது பெரும்பாலும் விலையையே குறித்தது: டோக்காய் எஸ்டி50 என்றால் 50,000 யென், எல்எஸ்80 என்றால் 80,000 யென், கிரெகோ இஜி500 என்றால் 50,000 யென். விலை ஏற ஏற உடலில் மரத்துண்டுகள் குறையும், பிக்கப்பும் பூச்சும் மேம்படும். ஆகவே "1981 லவ் ராக்" என்று டோக்காயின் லெஸ் பால் நகலின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், எல்எஸ் எத்தனை என்று கேளுங்கள். ஆண்டு ஒன்றாக இருந்தாலும் எல்எஸ்50ம் எல்எஸ்120ம் வேறு வேறு கிட்டார்.

"வழக்கு போடப்பட்ட கிட்டார்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பது பரவலாக நடக்கிறது. நடந்தது ஒரே வழக்கு. 1977 ஜூன் 28 அன்று, அப்போது கிப்சனின் உரிமையாளராக இருந்த நார்லின், ஐபனேஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மேல் ஃபிலடெல்ஃபியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்தது. பிரச்சினை ஹெட்ஸ்டாக்கின் வடிவம். அதற்குள் ஐபனேஸ் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. 1978இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. டோக்காய், பர்னி, கிரெகோ எதன்மேலும் அந்த வழக்கு இல்லை. அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டியதில்லை. ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) மாடலை நகலெடுத்த டோக்காய் ஸ்பிரிங்கி சவுண்டின் ஹெட்ஸ்டாக்கில் சிறிய எழுத்தில் "நல்ல பழைய ஸ்ட்ராட்டின் துல்லியமான நகல் இது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும். நகல் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு இவ்வளவு நன்றாகச் செய்தார்கள். அந்த நேர்மையை மதிக்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் முதலில் நெக். முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே கம்பியை அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.2 முதல் 0.3 மி.மீ. இருந்தால் சரி. 1 மி.மீ. இடைவெளி தெரிந்தும் ட்ரஸ் ராட் நட்டு ஏற்கெனவே முழுதும் இறுக்கியிருந்தால் விலையைக் குறைப்பது போதாது, வாங்குவதையே யோசியுங்கள். ஜப்பான் ட்ரஸ் ராட் நட்டுகள் மெட்ரிக் அளவு. ஐபனேஸுக்கு 7 மி.மீ. சாக்கெட் வேண்டும். அதன்மேல் அமெரிக்க 5/16 அங்குலச் சாவியைப் போட்டால் கிட்டத்தட்ட 1 மி.மீ. ஆட்டம் இருக்கும், நட்டின் முனை மழுங்கிவிடும். மழுங்கிய நட்டுகளில் பல இப்படித்தான் கெட்டவை.

பிக்கப்பைச் சோதிக்கக் கிட்டாரைத் திறக்க வேண்டாம். ஒரு கேபிளைச் செருகி, வால்யூம் பத்தில் வைத்து, ஒரே பிக்கப்பைத் தேர்ந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கருக்கு 7 முதல் 9 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு 5.5 முதல் 6.5 கிலோ ஓம் எதிர்பார்க்கலாம். காயில் அறுந்திருந்தால் மீட்டர் முடிவிலி காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வால்யூம் பாட் (குமிழின் அடியிலுள்ள மாறு மின்தடை) குறுக்கே இருப்பதால் அதன் மதிப்பான 250 அல்லது 500 கிலோ ஓம்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தால் காயில் போய்விட்டது என்று அர்த்தம்.

ஸ்க்ரூவில் மாட்டிய நெக் என்றால், விற்பவரின் சம்மதத்தோடு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. கம்பிகளை முழுதும் தளர்த்திவிட்டு, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பூச்சு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், மூலையில் பூச்சு பெயர்ந்துவிடும். விளிம்பைக் கத்தி முனையால் மெதுவாகக் கீறிவிட்டு எடுங்கள். நெக்கின் அடியிலும் உடலின் பள்ளத்திலும் முத்திரையோ பென்சில் எழுத்தோ இருந்தால் புகைப்படம் எடுத்து வையுங்கள். இரண்டும் வேறு வேறு காலத்தைக் காட்டினால் அது சேர்த்துக் கட்டிய கிட்டார். வாசிக்க நன்றாக இருக்கலாம். வின்டேஜ் விலைக்குத் தகுதியில்லை.

வாங்கியபின் செய்யும் கெடுதல்தான் மிக அதிகம். புது பாட் போடலாம் என்று அமெரிக்க பாட் வாங்குவார்கள். அதன் மரைக் கழுத்தின் விட்டம் 9.5 மி.மீ., ஜப்பான் துளை 7 அல்லது 8 மி.மீ. உடனே துளையை அகலமாக்குவார்கள். பழைய குமிழ் 18 பல் கொண்ட தண்டுக்கானது, புதியது 24 பல். நெருக்கிச் செருகினால் குமிழ் பிளந்துவிடும். பெரும்பாலும் பாட்டில் தூசிதான் பிரச்சினை. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, இருபது முப்பது தடவை முழுச்சுற்றாகத் திருப்பினால் கரகரப்பு அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால், அதே மெட்ரிக் அளவில் புது பாட் ஜப்பானிலிருந்து கிடைக்கிறது. கழற்றிய பாட், நட்டு, பிரிட்ஜ் ஸ்க்ரூ எதையும் எறியாமல் ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பின்னாளில் அந்தக் கிட்டாரின் வயதைச் சரிபார்க்க வேண்டிவந்தால் முதலில் தேடப்படுவது அவைதான்.