அந்தக் கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள்

போன மாதம் ஒருவர் ஒரு தபால் கார்டைக் கொண்டுவந்தார். அவருடைய தாத்தாவுக்குக் காந்தி எழுதியதாம், நான்கே வரி. இத்தனை வருஷமாகப் பூஜை அறையில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்கள். ஓரம் உதிர ஆரம்பித்ததும் பதறிப்போய், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அந்தக் கார்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எழுத்து ஊதா நிறம். அந்தக் காலத்து மைப் பென்சில், ஈரம் பட்டால் ஊதாவாக மாறுமே, அது. ஒரு மூலையில் பிளாஸ்டிக் சரியாக ஒட்டாமல் காற்று நின்று, உள்ளே பூஞ்சைப் புள்ளி வந்திருக்கிறது. பிரித்தெடுக்கலாம் என்றால் சூட்டில் உருகிய பசை காகிதத்தின் நாருக்குள்ளேயே இறங்கிவிட்டது, இழுத்தால் எழுத்தோடு வரும். திரவம் வைத்துக் கரைக்கலாம் என்றால், பசையைக் கரைக்கிற அதே திரவம் அந்த ஊதாவையும் கரைத்துவிடும். பழைய காகிதங்களைச் செப்பனிடும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன், அன்றைக்கு அவரிடம் "இதை இப்படியே விடுவதுதான் நல்லது" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தலைவர்களின் கடிதம் என்றால் டெல்லியில் ஏதோ ஒரு காப்பகத்தில் பத்திரமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டிலா இருக்கும்? பெற்றவர் வீட்டில்தானே இருக்கும். காந்தியிடம் தங்கியது அவருக்கு வந்த கடிதங்களும், செயலாளர்கள் எடுத்துவைத்த நகல்களும்தான். அவர் கைப்பட எழுதியதெல்லாம் மகன்கள், மருமகள்கள், ஆசிரமத்துப் பெண்கள், கதர் ஊழியர்கள், முகம் தெரியாத வாசகர்கள் என்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்டது.

காந்தி எழுத்துகளின் முழுத் தொகுப்பு வேலை 1956-ல் தொடங்கி 1994-ல் 100 தொகுதிகளாக முடிந்தது என்றால், அந்த வீடுகள் கொடுத்ததால்தான். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கே. சுவாமிநாதன் 1960-லிருந்து கால் நூற்றாண்டு காலம் அதற்குத் தலைமை ஆசிரியராக உழைத்தார். அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் பல கடிதங்களில் தேதி சதுர அடைப்புக்குள் இருக்கும். காந்தி அடிக்கடி குஜராத்தி மாதமும் திதியும் மட்டும் போடுவார், வருஷம் இருக்காது, சிலவற்றில் எதுவுமே இருக்காது. அதைத் தபால் முத்திரையை வைத்தும், உள்ளே பேசப்படும் விஷயத்தை வைத்தும் கண்டுபிடித்துப் போட்டதுதான் அந்த அடைப்பு. அதனால்தான் சொல்கிறேன், கடிதத்தை வைத்துக்கொண்டு உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கிழிந்த உறையாக இருந்தாலும் சரி.

உறை என்றதும் இன்னொன்று. 1947 ஜூன் 2, திங்கட்கிழமை. தேசப் பிரிவினைத் திட்டம் பற்றிப் பேச வைஸ்ராய் மவுண்ட்பேட்டனைப் பார்க்கப் போகிறார் காந்தி. திங்கட்கிழமை அவருக்கு மௌன விரதம். வாயே திறக்காமல், வந்த கடிதங்களின் பழைய உறைகளை எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி எழுதிக் காட்டினார். பார்ப்பவருக்குக் குப்பை. மவுண்ட்பேட்டன் எடுத்து வைத்துக்கொண்டதால் அந்தச் சந்திப்பில் காந்தியின் பங்கு என்ன என்பது அவர் கையெழுத்திலேயே இன்று நமக்குத் தெரிகிறது.

அப்புறம் காலன்பாக், தென்னாப்பிரிக்காவில் காந்தியின் நெருங்கிய நண்பர். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் 1,100 ஏக்கர் நிலத்தை, காந்தியின் சத்தியாக்கிரகிகள் குடும்பத்தோடு தங்கிய டால்ஸ்டாய் பண்ணைக்காகக் கொடுத்தாரே, அந்தக் கட்டடக் கலைஞர். 1945-ல் இறந்தார். அவரிடமிருந்த காகிதங்கள், காந்தியின் குடும்பத்தாரும் நண்பர்களும் எழுதிய கடிதங்கள் உட்பட, உறவினர்களிடம் பல பத்தாண்டுகள் இருந்து, 2012-ல் லண்டனில் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தன. ஏலத்துக்கு முன்பே இந்திய அரசு சுமார் 7 லட்சம் பவுண்ட் கொடுத்து மொத்தமாக வாங்கி, தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்தது. எனக்கு இதில் பெரிய நிம்மதியே அந்த "மொத்தமாக" என்ற சொல்தான். ஒவ்வொன்றாகப் பிரித்து விற்றிருந்தால், ஒரு மகனின் வருத்தம் ஒரு ஊரிலும், அதற்குக் காரணம் சொல்லும் கடிதம் இன்னொரு கண்டத்திலும் போய்ச் சேர்ந்திருக்கும். காந்தி கையெழுத்து இருப்பதற்கு மட்டும்தான் விலை என்று நினைக்கிறவர்கள் முதலில் கழித்துக்கட்டுவது மனைவி, பிள்ளைகள், உதவியாளர்கள் எழுதியதைத்தான். ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கேட்டால், அதுதான் முதலில் வேண்டும் என்பார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது இருந்தால், அது எந்தத் தலைவர் எழுதியதாக இருந்தாலும், முதலில் கட்டியிருக்கும் வரிசையைக் கலைக்காமல் போனில் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், உறையையும் சேர்த்து. துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்க வேண்டாம், துரு தின்ற இடம் ஓட்டையாகவே கழன்று வரும். செல்லோடேப் கூடவே கூடாது, சில வருஷத்தில் டேப் விழுந்துவிடும், பழுப்புக் கறை நின்றுவிடும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. படுக்கை வாட்டில், சுத்தமான வெள்ளைக் காகிதத்துக்கு நடுவில், வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்ட ஆசை இருந்தால் நல்ல நகலை மாட்டுங்கள். லேமினேஷன் பற்றி ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: காப்பகங்களே பல பத்தாண்டுகள் அசிடேட் என்ற பிளாஸ்டிக் தாள் வைத்து ஒருவகை லேமினேஷன் செய்தன, அதில் மஞ்சளாகிப்போனவற்றைப் பிரித்தெடுப்பதும் இன்று எங்கள் வேலைதான்.

விற்க நினைப்பவர்களுக்கு: 75 வருஷத்துக்கு மேல் பழமையான, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்து ஆவணத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை விதிக்கிறது. கொடுத்துவிட மனம் இருந்தால் டெல்லி தேசியக் காப்பகம் தனியார் காகிதங்களை வாங்கிக்கொள்கிறது. கொடுக்க மனமில்லையென்றால் பரவாயில்லை, ஸ்கேன் எடுக்கவாவது விடுங்கள்.

தபால் கார்டுக்காரரிடம் கிளம்பும்போது ஒன்று கேட்டேன், தாத்தா என்ன எழுதியதற்கு இந்தப் பதில் வந்தது என்று. தெரியாது என்றார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. காரைக்குடியில் இருக்கும் அத்தையிடம், தாத்தாவின் தகரப் பெட்டியில், நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டு இருக்கிறதாம், யாரும் பிரித்ததில்லையாம். "அத்தைகிட்ட சொல்லுங்க, நூலை அவிழ்க்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வர்றேன்" என்றேன்.