கட்டம் கேட்டால் க்யூ வருகிறது

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புட்டி வழியாக லினக்ஸ் சர்வருக்குள் போனால், மெனுவைச் சுற்றிக் கட்டம் வர வேண்டிய இடத்தில் எல், க்யூ, க்யூ, க்யூ, கே என்று எழுத்தாக வருகிறது. சர்வரில் கோளாறா?"

சர்வர் மேல் பழி வேண்டாம். அது அனுப்புவது வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்று பார்த்து வரைவது, தொலைவிலுள்ள சர்வரோடு பேச உங்கள் லேப்டாப்பில் ஓடும் மென்பொருளான புட்டி. ஆயுத பூஜைக்குச் சர்வருக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரை கோணலானதும் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் பரிகாரம்தான் எரிச்சலூட்டுகிறது.

சரி, க்யூ எங்கிருந்து வந்தது? 1978-இல் டெக் என்ற கணினி நிறுவனம் விடி100 டெர்மினலை, அதாவது கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியை, வெளியிட்டது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய அட்டவணையான ஆஸ்கியில் இருப்பதே 128 இடம்தான், கோடுகளுக்கு அதில் இடமில்லை. அதனால் சின்ன எழுத்துகளின் எண்களுக்கே இரட்டை வேலை கொடுத்தார்கள். எஸ்கேப், அதாவது 27. பின்னால் ஒரு திறப்பு அடைப்புக்குறி, ஒரு பூஜ்யம். இந்த மூன்றும் வந்துவிட்டால் இனி கோடு. பூஜ்யத்தின் இடத்தில் பெரிய பி வந்தால் பழையபடி எழுத்து. நடுவில் வரும் 113, அதாவது க்யூ, படுக்கைக் கோடு. 120, அதாவது எக்ஸ், நிற்கும் கோடு. எல், கே, எம், ஜே நான்கும் நான்கு மூலை. ஓ முதல் எஸ் வரை ஐந்துமே படுக்கைக் கோடுகள், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில்! எஃப்-க்கு டிகிரி குறி, திறக்கும் ஃப்ளவர் பிராக்கெட்டுக்குக் கணக்கில் வரும் பை. இந்த அட்டவணை எனக்குப் பார்க்கப் பார்க்கச் சலிப்பதில்லை.

யூடிஎஃப்-8 என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வைத்திருக்கும் புதிய முறை. அதில் இருக்கும்போது புட்டி இந்த மாற்று உத்தரவைக் கண்டுகொள்வதில்லை. கோட்டுக்குத்தான் தனி எண்கள் வந்துவிட்டனவே. உத்தரவு காற்றில் போக, 113 க்யூவாகவே நிற்கிறது. புதிய பதிப்புகளில் விண்டோ பிரிவின் கீழே டிரான்ஸ்லேஷன் பக்கத்தில், யூடிஎஃப்-8 ஆனாலும் விடி100 கோடுகளை வரையச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். க்யூவுக்குப் பதில் தொப்பி போட்ட ஏ வந்தால் கதை வேறு: சர்வர் யூடிஎஃப்-8 பேச, புட்டி அதை லத்தீன் என்ற பழைய எழுத்து அட்டவணைப்படி வாசிக்கிறது. அதே பக்கத்தில் யூடிஎஃப்-8-க்கு மாற்றினால் போதும்.

தலைகீழாகவும் நடக்கும். எழுத்தாக வாசிக்க முடியாத பைனரி ஃபைல் ஒன்றைத் தெரியாமல், ஃபைலில் இருப்பதைத் திரையில் கொட்டும் 'கேட்' கட்டளையில் திறந்தால், உள்ளே எஸ்கேப், அடைப்புக்குறி, பூஜ்யம் என்ற அந்த மூன்று எண்ணும் தற்செயலாக இருக்கலாம். அப்புறம் பெரிய எழுத்தும் இலக்கமும் ஒழுங்காகத் தெரியும், சின்ன எழுத்தெல்லாம் கோடாகிவிடும். 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். அடிக்கும்போதும் திரையில் கோடுதான் விழும். சர்வருக்குப் போவது சரியான எண்கள்தான்.