தராசுக்குத் தெரியாத கொழுப்பு

2024 ஆகஸ்ட் 7 காலை, பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் எடை பார்க்கப்பட்டபோது, வினேஷ் போகட் வரம்பைவிட 100 கிராம் கூடுதலாக இருந்தார், தகுதிநீக்கம் செய்யப்பட்டார். முந்தைய நாள் காலையில் அவர் எடை 49.9 கிலோ. அன்றைய மூன்று போட்டிகளுக்குப் பின் அது 52.7 கிலோவுக்கு ஏறியது. இரவு முழுவதும் உண்ணாமலும் உறங்காமலும் உழைத்து வியர்த்து, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தும் அந்த 100 கிராம் இறங்கவில்லை. அதே ஒலிம்பிக்கில் 57 கிலோ பிரிவில் ஆடிய அமன் செராவத், அரையிறுதிக்குப் பின் சுமார் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்து, மறுநாள் வெண்கலம் வென்றார்.

ஒரே இரவில் குறைவது கொழுப்பு அன்று. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது, 4.6 கிலோ கொழுப்பை எரிக்க 35,000 கலோரிக்கு மேல் செலவிட வேண்டும், எந்த மனித உடலாலும் பத்து மணி நேரத்தில் அது இயலாது. வெளியேறுவது பெரும்பாலும் நீர். தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைகோஜன் என்னும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. உணவைக் குறைத்துக் கடுமையாகப் பயிற்சி செய்தால் கிளைகோஜனும் அந்த நீரும் சேர்ந்தே போகின்றன. எஞ்சியதை வியர்வை வெளியேற்றுகிறது. ஆனால் நீர் வற்றிய உடலில் ஹார்மோன்கள் சிறுநீரகங்களை உஷார்ப்படுத்தி உப்பையும் நீரையும் இறுகப் பிடிக்கச் செய்வதால், போட்டிகளுக்கு இடையே பருகுவதும் உண்பதும் உடலில் அப்படியே தங்கிவிடுகின்றன. வறட்சி மிகும்போது வியர்ப்பதும் குறைகிறது; எனவே கடைசி நூறு கிராம்தான் எப்போதும் கடினமானது. இது வெறும் அசௌகரியம் அன்று: 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் இப்படி எடை குறைக்கும் முயற்சியில் உயிரிழந்தனர், அதன் பிறகே அங்கு விதிகள் கடுமையாயின.

நீரின் கதை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. கொழுப்பின் கதை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்த லெப்டின் என்னும் ஹார்மோனைக் கொழுப்புச் செல்களே சுரக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது; மூளையின் ஹைப்போதலாமஸ் அதைப் பஞ்சம் வந்துவிட்டதற்கான அறிகுறியாகக் கொண்டு, பசியைத் தூண்டி, ஆற்றல் செலவைச் சுருக்குகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், இழந்த எடையின் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. அப்போதும் அவர்கள் உடல், ஓய்வில் இருக்கையில், அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவிட்டது.

விளையாட்டு வீரர்களுக்கும் விலக்கில்லை. 1920 முதல் 1965 வரை பின்லாந்துக்காகக் களமிறங்கிய ஆண் வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், திரும்பத் திரும்ப எடையைக் குறைத்து ஏற்றிய குத்துச்சண்டை, பளுதூக்கும், மல்யுத்த வீரர்களே பிற்காலத்தில் மற்ற வீரர்களைவிட அதிகம் பருத்திருந்தார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதில் இவர்களை மிஞ்சியவர்கள் இல்லை. பருமனை மன உறுதியின் குறைபாடாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த ஆய்வுக்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டென்னிஸில் 23 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்ற செரீனா வில்லியம்ஸ், பயிற்சியால் குறையாத எடையை ஜி.எல்.பி-1 வகை மருந்தின் உதவியால் சுமார் 14 கிலோ குறைத்ததாக 2025இல் கூறினார். அம்மருந்தை விற்கும் நிறுவனத்தின் விளம்பரத்தில் அவர் தோன்றினார், அவருடைய கணவர் அதன் முதலீட்டாளர் என்பதையும் கணக்கில் கொண்டே அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அம்மருந்து செயல்படும் விதம் உண்மை: உணவு உண்டபின் குடல் சுரக்கும் ஹார்மோனைப் போல நடித்து, மூளைக்குப் ‘போதும்’ என்ற செய்தியை அனுப்புகிறது. மருந்தை நிறுத்தினால் குறைந்த எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது.

அப்படியானால் பருமன் ஒரு நோயா? 2013இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ‘ஆம்’ என்று தீர்மானித்தது. அச்சங்கத்தின் சொந்த அறிவியல் குழுவோ அதற்கு எதிராகப் பரிந்துரைத்திருந்தது. அக்குழுவின் தயக்கத்துக்கு முக்கியக் காரணம், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் பி.எம்.ஐ. என்னும் எண். 170 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் கொண்ட பளுதூக்கும் வீரருக்கு அது 31ஐத் தாண்டும். எல்லாம் தசையாக இருந்தாலும் அட்டவணை அவரைப் பருமனானவர் என்றே சொல்லும். மறுபக்கம், புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக், மாரத்தான் ஓடும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்தியர்கள் பலரின் நிலை இரண்டாமவருடையது. மெலிந்த உடலிலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும்.

2025 ஜனவரியில் லான்செட் குழுமத்தின் வல்லுநர் குழு முன்வைத்த வரையறை எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. பி.எம்.ஐ.யை மட்டும் நம்பாமல் இடுப்பளவையோ நேரடிக் கொழுப்பு அளவீட்டையோ கொண்டு மிகைக்கொழுப்பை உறுதிசெய்ய வேண்டும். அது உறுப்புகளின் செயல்பாட்டையோ அன்றாட இயக்கத்தையோ பாதித்திருந்தால்தான் அது நோய். பாதிப்பு இல்லாவிட்டால் அது நோய்க்கு முந்தைய நிலை, ஆபத்துக்கான எச்சரிக்கை மட்டுமே.

ஜப்பானின் சுமோ வீரர்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறார்கள். களத்தில் இருக்கும் சுமோ வீரரை ஸ்கேன் செய்தால், பேருடலின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் இருப்பதையும், குடலைச் சூழ்ந்த கொழுப்பு அவருடைய பருமனுக்கு வியப்பூட்டும் அளவு குறைவாக இருப்பதையும் காணலாம். அன்றாடக் கடும் பயிற்சியே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. குடலைச் சூழ்ந்த கொழுப்பிலிருந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலுக்குச் செல்வதால் இன்சுலினின் வேலை தடைபடுகிறது. தோலடிக் கொழுப்புக்கு அந்த நேர்வழி இல்லை. ஓய்வுபெற்றுப் பயிற்சி நின்ற பிறகும் பழையபடி உண்பவருக்குக் கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. புதிய வரையறைப்படி, களத்தில் இருந்தவரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர், ஒரு கிலோகூடக் கூடாமலேயே நோயாளியாகிவிடக்கூடும்.