பதுங்குகுழிக் குண்டும் பத்து சென்டிமீட்டர் துணியும்

ஈரான் பற்றி எழுதும்போதெல்லாம் தவறாமல் வரும் கேள்வி இது. "மலையைக் குடைந்து உள்ளே யுரேனியத்தை ஒளித்து வைத்திருக்கிறவனோடு உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது? அவன் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுவதா?" இம்முறை ஒரு வாசகர் சற்றுக் காட்டமாகவே கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அணு ஒப்பந்தம் போடுகிறவர்கள் எதிராளியின் வாய்ச்சொல்லை நம்பிப் போடுவதில்லை. அவன் பொய் சொல்வான் என்று எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு பத்தியையும் எழுதுகிறார்கள். அவர்கள் நம்புவது பத்து சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு பருத்தித் துணியை. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சதவீதக் கணக்கை விரைவாக முடித்துவிடுவோம். இயற்கை யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எடுத்தால் ஏழு மட்டுமே எளிதில் பிளந்து ஆற்றல் தரும் யுரேனியம்-235. மிச்சம் ஏறக்குறைய முழுவதும் 238. அந்த ஏழையும் கைவிடாமல் மற்றவற்றைக் கழித்துக்கொண்டே போவதுதான் செறிவூட்டல். மின் உலைக்கு வேண்டிய 4 சதவீதத்தை எட்ட 825 அணுக்களைக் கழிக்க வேண்டும். அங்கிருந்து 20 சதவீதத்துக்கு 140. இருபதிலிருந்து அறுபதுக்கு 23. அறுபதிலிருந்து ஆயுதத் தரமான 90 சதவீதத்தின் அருகே போக வெறும் நான்கு. 2015 ஜூலையில் வியன்னாவில் முடிந்த ஒப்பந்தம் ஈரானை 3.67 சதவீதத்தில் ஏன் நிறுத்தியது, 2018 மே மாதம் அமெரிக்கா அதிலிருந்து விலகிய பிறகு 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதத்தைத் தொட்டபோது ஏன் உலகம் பதறியது என்பதெல்லாம் இந்தக் கழித்தலிலேயே இருக்கிறது.

இனி துணி. செறிவூட்டலைச் செய்வது அதிவேகமாகச் சுழலும் மையவிலக்கு எந்திரம். அதற்குள் யுரேனியம் திடப்பொருளாகப் போவதில்லை. யுரேனியம் ஹெக்சாஃப்ளூரைடு என்ற வாயுவாகப் போகிறது. குழாய்களை எவ்வளவு இறுக்கமாகப் பூட்டினாலும், உருளையை மாட்டும்போதும் கழற்றும்போதும், பழுதான எந்திரத்தைப் பிரிக்கும்போதும் துளியளவு வாயு வெளியே வந்துவிடும். வந்த வாயு காற்றிலுள்ள ஈரத்தைச் சந்தித்த கணமே வினைபுரிந்து, யுரேனைல் ஃப்ளூரைடு என்ற திண்மத் துகள்களாக மாறிவிடுகிறது. ஒரு மைக்ரான், அதைவிடச் சிறியது என்ற அளவில் அவை மோட்டாரின் முதுகிலும் சன்னல் விளிம்பிலும் வேலையாளின் செருப்பிலும் படிகின்றன. ஒரு மைக்ரான் துகளின் எடை சில பைகோகிராம். கிராமில் ஒரு லட்சம் கோடியில் சில பங்கு. ஆனால் அதற்குள் சில நூறு கோடி யுரேனியம் அணுக்கள் இருக்கின்றன. அந்த வாயு வெளியேறிய நொடியில் எந்திரத்துக்குள் 235-க்கும் 238-க்கும் என்ன விகிதம் இருந்ததோ, அதே விகிதம் அந்தத் துகளுக்குள் உறைந்துவிடுகிறது. கட்டடத்தைக் கழுவலாம், எல்லாத் துகளையும் கழுவ முடியாது.

2003-இல் தெஹ்ரானில் கலாயே மின் நிறுவனம் என்ற பட்டறையில் நடந்தது இதுதான். அங்கே துணியால் துடைத்து மாதிரி எடுக்கச் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கேட்டார்கள்; மாதக்கணக்கில் அனுமதி இல்லை. ஆகஸ்டில் கதவு திறந்தபோது உள்ளே பெரிய அளவில் மராமத்து முடிந்திருந்தது. அப்படியிருந்தும் துணியில் செறிவூட்டிய யுரேனியத் துகள்கள் சிக்கின. அணுப்பொருளை அங்கே பயன்படுத்தவே இல்லை என்று சொல்லிவந்த ஈரான், அக்டோபரில் 1999 முதல் 2002 வரை அங்கே யுரேனிய வாயுவை வைத்து எந்திரங்களைச் சோதித்ததை ஒப்புக்கொண்டது. இன்னொரு பாதியையும் சொல்லியாக வேண்டும். மிக உயர்ந்த செறிவுள்ள துகள்களைப் பற்றி, 'அவை வெளிநாட்டிலிருந்து வாங்கிய பழைய எந்திர பாகங்களோடு வந்தவை' என்று ஈரான் சாதித்தது. பாகிஸ்தானிலிருந்து பாகங்களைத் தருவித்து ஒப்பிட்ட முகமை, 2005-இல் பெருமளவு அந்த விளக்கத்துக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாதகமாகவும் பேசக்கூடிய சாட்சி என்பதால்தான் இந்தத் துணிக்கு மதிப்பு.

துடைத்த துணி இரட்டைப் பைக்குள் அடைபட்டு, வியன்னாவுக்குத் தெற்கே சைபர்ஸ்டோர்ஃபில் உள்ள ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கிருந்து வெவ்வேறு நாடுகளின் ஆய்வகங்களுக்குப் பிரித்து அனுப்பும்போது குறியீட்டு எண் மட்டுமே இருக்கும்; எந்த நாட்டுத் தூசி என்று சோதிப்பவருக்குத் தெரியாது. வேலையோ எளிதல்ல. ஒரு துணியில் லட்சக்கணக்கில் சாதாரணத் தூசி. அதற்குள் யுரேனியத் துகள் பத்தோ இருபதோ. அதைக் கண்டுபிடிக்கும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது பிளவுத்தடம். துகள்களை ஒரு பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டவைத்து அணு உலையின் நியூட்ரான்களுக்குக் காட்டுகிறார்கள். துகளிலுள்ள 235 அணுக்கள் சில பிளக்கின்றன. பிளந்த துண்டுகள் நாலாபுறமும் பாய்ந்து படலத்தைக் கீறுகின்றன. பிறகு காரத்தில் நனைத்தால் கீறல்கள் அரித்துப் பெரிதாகி, நுண்ணோக்கியில் துகள் இருந்த இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல விரிகின்றன. எங்கே நட்சத்திரமோ அங்கே யுரேனியம். அந்த ஒற்றைத் துகளை ஊசி முனையால் எடுத்துத் தனியே அளக்கிறார்கள்.

இன்னொரு வழியில் ஆக்சிஜன் அயனிகளை ஒரு கற்றையாகத் துகளின் மீது பாய்ச்சி, அதிலிருந்து அணுக்களைச் சிதறடித்து, சிதறிய அயனிகளைப் பெரிய காந்தத்தின் ஊடே வளைக்கிறார்கள். இலேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும், தனித்தனியாக எண்ணிவிடலாம். பள்ளிப் பாடம்தான். ஆனால் இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. தூசியில் ஈயமும் அலுமினியமும் இருக்கும். 208 நிறையுள்ள ஈய அணுவும் 27 நிறையுள்ள அலுமினிய அணுவும் ஒட்டிக்கொண்டு பறந்தால் கூட்டுத்தொகை சரியாக 235! ஒரு நாட்டின் மீது குற்றப்பத்திரிகை எழுத இது போதும். நல்லவேளையாக, அணுக்கருவின் பிணைப்பாற்றல் காரணமாக உண்மையான 235-இன் நிறையும் இந்தப் போலியின் நிறையும் நூலளவு வேறுபடுகின்றன. ஏறக்குறைய 2,700-இல் ஒரு பங்கு. அந்த வேறுபாட்டைப் பிரிக்கும் அளவுக்கு வளைபாதையை நீட்டுவதற்காகவே முகமை 2011-இல் ஓர் அறையை அடைக்கும் பெரிய கருவியை நிறுவியது.

இந்தக் கருவியின் கொள்கையும், ஹிரோஷிமா குண்டுக்காக ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைப் பிரித்த கால்யுட்ரானின் கொள்கையும் ஒன்றே. காந்தத்தில் வளைத்து எடை வாரியாகப் பிரிப்பதுதான் இரண்டும். ஈராக்கில் கால்யுட்ரானும் துணியும் நேருக்கு நேர் சந்தித்தன. 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேல் விமானங்கள் ஒசிராக் உலையைத் தகர்த்தன. பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எண்ணினார்கள். ஆனால் ஈராக் ரகசியமாகக் கால்யுட்ரான்களைக் கட்டிக்கொண்டிருந்தது. 1990 இறுதியில் விடுவிக்கப்பட்ட பணயக் கைதிகளில் சிலரை ஈராக் தன் அணு வளாகமான துவைதாவில் அடைத்துவைத்திருந்தது. அவர்கள் உடுத்தியிருந்த துணிகளில் ஒட்டியிருந்த துகள்கள்தான் அந்தக் குட்டை உடைக்க உதவின. போருக்குப் பின் ஆய்வாளர்கள் உள்ளே போனபோது முழுப் படமும் தெரிந்தது.

வட கொரியக் கதை இன்னும் கூர்மையானது. ஒரே ஒரு முறை, 1990-இல், குண்டு செய்ய உதவும் இன்னொரு பொருளான புளூட்டோனியத்தை நூறு கிராமுக்கும் குறைவாகப் பிரித்தோம் என்று 1992-இல் அந்நாடு அறிவித்தது. புளூட்டோனியம்-241 தானாகவே சிதைந்து அமெரிசியம் ஆகும். வேதியியல் முறையில் பிரிக்கும்போது அமெரிசியம் நீங்கிவிடுவதால் அந்தக் கணத்தில் கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்து மறுபடி ஓடத் தொடங்கும். துடைத்தெடுத்த துகள்களில் அமெரிசியத்தை அளந்தால் ஒரு தேதிக்குப் பதில் மூன்று: 1989, 1990, 1991. பிடிபட்ட பொய்யிலிருந்து நெருக்கடி. நெருக்கடியிலிருந்து அமெரிக்காவோடு 1994 உடன்பாடு. அது 2002-இல் முறிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆய்வாளர்களை வெளியேற்றினார்கள். 2006 அக்டோபர் 9-இல் வட கொரியா தன் முதல் குண்டை வெடித்தது.

மோதலே பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பொருளாதாரத் தடைகளின் நெருக்குதல் இல்லாமல் ஈரான் 2015-இல் மேசைக்கு வந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. ஆனால் குண்டு தருவது கால அவகாசம், தகவல் அல்ல. 2023 ஜனவரியில் ஈரானின் ஃபோர்டோ மலைக்குள் உள்ள செறிவூட்டல் ஆலையில் துடைத்த துணியில் 83.7 சதவீதத் துகள்கள் அகப்பட்டன. எந்திரங்களின் இணைப்பை மாற்றும்போது தற்செயலாக ஏறிய செறிவு என்றது ஈரான். நம்புவதா இல்லையா என்று விவாதிக்கவாவது கையில் ஓர் எண் இருந்தது. 2025 ஜூன் 22 அன்று ஃபோர்டோ, நடான்ஸ் செறிவூட்டல் ஆலைகள் மீது அமெரிக்கா, நிலத்தைத் துளைத்து ஆழத்தில் வெடிக்கும் பதினான்கு பதுங்குகுழிக் குண்டுகளைப் போட்டது. ஜூலையில் ஈரான் முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. குண்டு போட்ட பி-2 விமானம் ஒன்றின் விலை, வடிவமைப்புச் செலவையும் சேர்த்தால், 200 கோடி டாலரைத் தாண்டும். முகமையின் ஓராண்டு வழக்கமான நிதி மொத்தமே ஏறக்குறைய 40 கோடி யூரோ. அதிலும் உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் பேரம் பேசுகின்றன. பிளவுத்தட நட்சத்திரத்தைத் தேடி நுண்ணோக்கி முன் குனிந்திருக்கிறவருக்கு நிதி கேட்டால் சிக்கனம் பேசுகிறவர்கள், விமானத்துக்கு அப்படிப் பேசுவதில்லை. எனக்கு இது எரிச்சலூட்டுகிறது.

இஸ்ரேல் தாக்குதலைத் தொடங்கிய 2025 ஜூன் 13 நிலவரப்படி ஈரானிடம் 60 சதவீத யுரேனியம் 440.9 கிலோ இருந்ததாக முகமை கணக்கிட்டது. ஒரு குண்டுக்குப் போதுமானது என முகமை வைத்திருக்கும் அளவுகோலின்படி, மேற்கொண்டு செறிவூட்டினால் பத்துக் குண்டுகளுக்கானது. அது ஆழ்கடல் நீச்சல்காரர் முதுகில் சுமக்கும் உருளை அளவுள்ள கலன்களில் அடங்கிவிடும், லாரியில் ஏற்றிவிடலாம். இங்கேதான் துணியின் எல்லை வருகிறது. நன்றாக மூடிய கலன் எந்தத் துகளையும் உதிர்ப்பதில்லை. அதன் வால்வைத் திறந்து எந்திரத்தோடு இணைக்கும் நாளில்தான் மீண்டும் தூசி படியத் தொடங்கும். அதைத் துடைத்தெடுக்க, அந்த எந்திரம் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பது ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் கதவும் அவருக்குத் திறக்க வேண்டும்.