எட்டு மணி நேரத்தில் ஓர் இலங்கை

கோணேசர் கோயிலுக்குப் போனால் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று ஒருமுறை கீழே பாருங்கள். அந்தக் கடல் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே கிடுகிடுவென்று ஆழமாகிவிடும். திருகோணமலைக்கு வெளியே உள்ள கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. திமிங்கிலங்கள் கரைக்குக் கிட்ட வருவது அதனால்தான். ஒளிய நினைக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் இப்படிப்பட்ட கடல்தான் வசதி.

ரேடார் அலை உப்புநீருக்குள் போகாது. ஒலி போகும், அதுவும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில். மட்டக்களப்பில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்துப் பாடுமீனைக் கேட்பார்களே, நீர்மூழ்கியைத் தேடும் ரோந்து விமானம் செய்வதும் அதேதான். அதன் துடுப்புக்குப் பெயர் ஒலிமிதவை. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள குழாய் அது. சின்னப் பாராசூட்டில் இறங்கும். உப்புநீர் பட்டதும் பேட்டரி உயிர்பெறும், ஒலிவாங்கி கம்பியில் ஆழத்துக்கு இறங்கும், மேலே நிற்கும் ஆன்டெனா கேட்டதை விமானத்துக்கு அனுப்பும். மேல்நீர் சூடு, அடியில் குளிர். ஒலி குளிர்ந்த பக்கமாக வளைந்துவிடும். அந்த வளைவு உண்டாக்கும் நிழலில் நீர்மூழ்கி மறைந்துகொள்ளும். அதனால்தான் ஒலிவாங்கிகளை வெவ்வேறு ஆழங்களில் தொங்கவிடுகிறார்கள்.

சரி, இப்படிக் கேட்கும் விமானங்கள் குறைந்தால் என்ன? வந்து சேரத் தாமதமாகும். இங்கேதான் கணக்கு பயமுறுத்துகிறது. ஓரிடத்தில் நீர்மூழ்கி தென்பட்டு மறைந்தது என்று வையுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அது எந்தத் திசையிலும் போயிருக்கலாம். இரண்டு மணி நேரத்தில் விமானம் வந்தால், தேட வேண்டியது ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். நான்கு மணி நேரமானால் 16,000. எட்டு மணி நேரமானால் 65,000, அதாவது முழு இலங்கையின் பரப்பு! தாமதம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். மிதவைகளோ அதே எண்ணிக்கைதான்.

ஒரு விமானத்தை இரவு பகலாகக் கடல்மேல் வைத்திருக்க நான்கைந்து விமானங்கள் வேண்டும். ஒன்று போய்க்கொண்டிருக்கும், ஒன்று திரும்பிக்கொண்டிருக்கும், ஒன்று பழுதுபார்ப்பில் கிடக்கும். பிரிட்டன் 2010இல் நீர்மூழ்கிகளைத் தேடிய தன் நிம்ராட் ரோந்து விமானங்களை ஓய்வு கொடுத்து அனுப்பியது. அவற்றுக்கு அடுத்ததாக, அதே வேலைக்கான முதல் பொசைடன் விமானம் வந்து சேர்ந்தது 2020இல்தான். இடையில் ஸ்காட்லாந்துக் கரையருகே நீர்மூழ்கிச் சந்தேகம் எழுந்தபோது, நேச நாடுகளின் விமானங்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. காசை மிச்சம் பிடிக்க எடுத்த அந்த முடிவு பெரிய தவறு என்றே நினைக்கிறேன். விமானத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். ஒலியைக் கேட்டு, இது திமிங்கிலம், இது நீர்மூழ்கியின் சுழல்விசிறி என்று பிரித்தறியும் காதைப் பழக்கி எடுக்க ஆண்டுகள் ஆகும்.

திருகோணமலையில் உள்ள நம் சீனக்குடா விமானத் தளத்திலிருந்து பறக்கும் ரோந்து விமானங்கள் கடலின் மேற்பரப்பைத்தான் கண்காணிக்கின்றன: படகு, கடத்தல், எண்ணெய்க் கசிவு. நீருக்கடியில் கேட்கும் விமானம் நமக்கு மிக அருகில் இருப்பது தமிழ்நாட்டின் அரக்கோணத்தில், இந்தியக் கடற்படையிடம். ஏறத்தாழ 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் அவர்களிடம் இருப்பதே மொத்தம் 12. அரபிக்கடலையும் அவைதான் பார்க்க வேண்டும்.