பழுப்புக் குள்ளனோட எடையும் சைஸும் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

பழுப்புக் குள்ளன்னா நட்சத்திரமா ஆகுற அளவுக்கு நிறை சேராம நின்னுபோன வாயு உருண்டை. வியாழனை விட சுமார் 13 மடங்குல ஆரம்பிச்சு 75, 80 மடங்கு வரைக்கும் நிறை இருக்கும், ஆனா உள்ள ஹைட்ரஜன் நிலையா எரியாது. அதனால பொறந்ததுல இருந்து ஆறிக்கிட்டே போகுது. சிக்கலே இங்கதான். வயசான கனமான ஒண்ணும், இளசா லேசா இருக்குற ஒண்ணும் ஒரே வெளிச்சத்துல தெரியலாம். வெளிச்சத்தை வச்சு நிறை சொல்லணும்னா வயசும் தெரியணும், ஒரு தியரி மாடலையும் நம்பணும், ஆனா அந்த மாடல் சரியான்னு பாக்கவே நமக்கு நிஜமான நிறை வேணும்.

இந்த முடிச்சை அவிழ்க்கிறது கிரகணம்தான். ரெண்டு பழுப்புக் குள்ளன் ஒண்ணையொண்ணு சுத்துதுன்னா, அதுங்களோட ஒளியைப் பிரிச்சா தெரியுற நிறமாலைக் கோடுகள் டாப்ளர் விளைவால (நம்மை நோக்கி வந்தா நீலப் பக்கம், விலகிப் போனா சிவப்புப் பக்கம்) முன்னும் பின்னும் நகரும், அதுல இருந்து ரெண்டோட வேகமும் கிடைக்கும், எது மெதுவா ஆடுதோ அதுதான் கனமானது. ஆனா சுற்றுப்பாதை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு தெரியாட்டி இந்தக் கணக்கு பாதியிலயே நிக்கும். ஒண்ணு இன்னொண்ணை மறைக்குதுன்னாலே நாம அந்தப் பாதையைக் கிட்டத்தட்ட பக்கவாட்டுல இருந்து பாக்குறோம்னு அர்த்தம், சாய்வு தெரிஞ்சிடுச்சு, அப்புறம் சுத்துற நேரத்தையும் தூரத்தையும் நிறையோட இணைக்கிற கெப்ளர் விதியில போட்டா நிறை நேரா வந்துடும். சைஸும் அப்படித்தான், மறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்குதுங்கிறதையும் வேகத்தையும் சேர்த்தா ஆரம் கிலோமீட்டர்லயே வந்துடும். அது எவ்வளவு தூரத்துல இருக்குன்னுகூட தெரியத் தேவையில்ல! எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அடுத்தது வெப்பநிலை. ஒரு சுத்துக்குள்ள ரெண்டும் மாறி மாறி ஒண்ணையொண்ணு மறைக்கும், அந்த ரெண்டு கிரகணத்துலயும் மறையுற பரப்பு ஏறக்குறைய ஒண்ணுதான், அப்போ எந்தக் கிரகணத்துல வெளிச்சம் அதிகமா குறையுதோ, அப்போ பின்னாடி மறைஞ்சதுதான் சூடானது.

2006ல நட்சத்திரங்கள் பொறக்குற வாயு மேகமான ஓரியன் நெபுலாவுல இப்படி ஒரு ஜோடியை முதல் தடவையா கண்டுபிடிச்சாங்க. கிட்டத்தட்ட 9.8 நாளுக்கு ஒரு சுத்து. நிறை சூரியன்ல 0.054 பங்கு, 0.034 பங்கு, அதாவது சுமார் 57 வியாழன், 36 வியாழன். ஆரம் சூரியன்ல மூணுல ரெண்டு பங்கு, இன்னொண்ணு பாதி. வயசான பழுப்புக் குள்ளன் வியாழன் சைஸுக்குச் சுருங்கிடும், இதுங்களுக்கு வயசு பத்து லட்சம் வருஷம்தான்ங்கிறதால இன்னும் உப்பியே இருக்கு, மாடலும் அப்படித்தான் சொல்லியிருந்துச்சு. ஆனா கிரகண ஆழத்தை, அதாவது வெளிச்சம் எவ்வளவு குறையுதுங்கிறதைப் பாத்தா கனமானதுதான் குளிர்ச்சியா இருந்துச்சு! ஒரே வயசுன்னா கனமானதுதானே சூடா இருக்கணும்? கனமானதுல பலமான காந்தப்புலம் இருந்து, உள்ளேருந்து வெப்பம் மேல வர்றதைத் தடுத்து, மேற்பரப்புல கரும்புள்ளிகளையும் உண்டாக்குதுங்கிறதுதான் இப்போ பரவலா சொல்ற விளக்கம். வெப்பநிலையை மட்டும் பாத்து நிறை சொல்லியிருந்தா ரெண்டையும் மாத்திச் சொல்லியிருப்போம்.

2020ல இன்னொரு ஜோடி வெளியாச்சு, சிலியில இருக்குற ஸ்பெக்குலூஸ் தொலைநோக்கிகள்ல சிக்கினது. சுமார் 21 நாளுக்கு ஒரு சுத்து, ரெண்டுமே கிட்டத்தட்ட 40 வியாழன் நிறை, வயசு ஏறக்குறைய நாலரைக் கோடி வருஷம். ஆனா இதுல ஒரு சுத்துக்கு ஒரு கிரகணம்தான் நமக்குத் தெரியுது, அதனால ஆழத்தை ஒப்பிட்டு எது சூடானதுன்னு சொல்ற வழி இங்க இல்ல.